பதினேழால் வகுபட்ட எண்

ராஜன்,

நீ உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்கும் நான் இதை எழுதும் கென்டீன் மேசைக்கும் இடையில் இந்தப் பதுளை ஆஸ்பத்திரியின் முற்றம் ஒன்றுதான் இருக்கிறது. எழுந்து வந்து சொல்லிவிடலாம். நேற்று அப்படித்தான் வந்தேன். நீ தலை நிமிராமல் இடது கையை மட்டும் தூக்கி, "பொறுங்கப்பா, வகுத்துக்கிட்டு இருக்கேன்" என்றாய். நான் கத்தினேன். நீ தாள்களைச் சுருட்டிக்கொண்டு மதிலோரம் போய் நின்றாய். மழைக்கு ஒதுங்கியிருந்தவர்கள் எல்லாம் நம்மை வேடிக்கை பார்த்தார்கள். இன்றைக்கு அந்தக் கூத்து வேண்டாம். எதிர்க் கடையில் எழுத ஒரு கொப்பி வாங்கி வந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் உன் கணக்குத் தாளின் மேல் இதை வைத்துவிடுவேன். எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டால் உன்னால் படிக்காமல் இருக்க முடியாது. அதை நம்பித்தான் எழுதுகிறேன்.

முதலில் உன் மகளைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நீ யாரிடமும் கேட்கவில்லை. மாதம் முடியாமல் பிறந்தவள் என்பது உனக்குத் தெரியும். வளைகாப்புக்கு என்று கொழும்பிலிருந்து வந்தவர்கள் நீங்கள். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அந்தக் குண்டும் குழியுமான பாதையில் வித்யாவைத் திரீவீலரில் ஏற்றி, பனிப்புகாருக்குள் ஹோர்ன் அடித்துக்கொண்டே இறங்கி வந்தோமே, அப்போது நீ அவள் கையை விடவே இல்லை. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நீ சரியாகத்தான் இருந்தாய். குழந்தையின் கையில் எண் எழுதிய பட்டியைக் கட்டி, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து உனக்குக் காட்டினார்கள் பார், அதோடு நீ போய்விட்டாய். குழந்தையின் முகத்தைப் பார்த்தாயோ இல்லையோ, எண்ணைப் பார்த்துவிட்டாய்.

இன்று காலை நர்ஸ் மிஸ் வெளியே வந்தார். பண்டாரவளைப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை, வேகமாகப் பேசுகிறவர், வேகமாக நடக்கிறவர்.

"புள்ளட அப்பா எங்க?" என்று கேட்டார்.

"வெளிய இருக்காருங்க மிஸ். நான் தாத்தா. நான் வரட்டுங்களா?"

"உங்களுக்கு இருமல் இருக்கே, ஏலாது. புள்ளட உடம்புல சூடு நிக்குதில்ல. அம்மாக்கு ஒப்பரேசன் முடிஞ்சு காச்சல் விடல்ல. அப்பா வந்து நெஞ்சோட வெச்சிக்கிட்டு இருந்தா சூடு நிக்கும், மூச்சும் சீரா வரும். டொக்டரும் அதைத்தான் சொல்லுறார். நேத்தும் கேட்டேன், இண்டைக்கும் காணல்ல. ஏன், அவருக்குப் புள்ள வேணாமா?"

எத்தனையோ பெற்றோருக்கு எத்தனையோ பதில் சொன்ன வாத்தியார் நான். அந்தக் கேள்விக்கு, "வருவாருங்க மிஸ்" என்று மட்டும் சொன்னேன். அவர் உள்ளே திரும்பும்போது, "சுருக்கா வரச் சொல்லுங்க" என்றார். அந்தச் சுருக்காவில் பயம் இருந்தது. நர்ஸ்மாருக்குப் பயம் வந்தால் குரலில் காட்டமாட்டார்கள், இவர் காட்டினார். பிறகு மாடிக்குப் போய் வித்யாவைப் பார்த்தேன். உதடு வெடித்துக் கிடக்கிறாள். "மாமா, அவரு புள்ளையப் பாத்தாரா?" என்றாள். நான் ஃபிளாஸ்க்கைத் திறப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். அதற்கு அவள், "கணக்குப் போட ஆரம்பிச்சிட்டாரா?" என்றாள். உன்னை நன்றாகத்தான் படித்து வைத்திருக்கிறாள்.

நீ என்ன கணக்குப் போடுகிறாய் என்று நான் பார்த்தேன். நேற்று நீ தேத்தண்ணி வாங்கப் போன நேரத்தில் தாளைத் திருப்பினேன், அதற்காக வெட்கப்படவில்லை. கைப்பட்டியில் இருந்த எண்ணையும் அவள் பிறந்த தேதியையும் ஒட்டி எழுதியிருக்கிறாய். பதினான்கு இலக்கம். அது முதன்மை எண்ணா என்று பார்க்கிறாய். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண் என்று உனக்கு நான் சொல்லிக்கொடுத்த அதே முதன்மை எண். உன் பையில் கொம்பியூட்டர் இருக்கிறது, கேட்டால் கண் இமைக்கும் முன் பதில் சொல்லும். ஆனால் நீ கையால் வகுக்கிறாய். ஏனென்றால் இது உனக்குக் கணக்கு இல்லை. கோயிலில் பூக் கட்டிப் பார்ப்பதைத்தான் நீ பெஞ்சில் உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறாய்.

இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றி நாம் ஒரு நாளும் உட்கார்ந்து பேசியதில்லை. இப்போது பேசுகிறேன், கேள்.

உன்னைப் பதுளையில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதா, தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே விடுவதா என்று எனக்கும் உன் அம்மாவுக்கும் இழுபறி வந்தபோது, அவள் உன்னை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். பூசாரி செவ்வரளி ஒரு பொட்டலம், வெள்ளரளி ஒரு பொட்டலம் என்று இலையில் கட்டி அம்மன் முன்னால் போட்டார். உன்னை எடுக்கச் சொன்னார். நீ வெள்ளைப் பூவை எடுத்தாய், அம்மா சொன்னபடியே உன்னைப் பதுளையில் சேர்ப்பது என்று முடிவானது. வீட்டுக்கு வந்து நீ என்னிடம் கேட்டாய்: "நான் செவப்ப எடுத்திருந்தா, அப்பா?" நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. உன் கையில் ஒரு பெரிய பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு அன்று அது விளங்கவில்லை.

அதே வருஷம்தான் நான் உனக்கு அந்த மூன்றுகளைக் காட்டினேன். எங்கோ பத்திரிகையில் படித்தது. முப்பத்தொன்று முதன்மை எண். முன்னால் ஒரு மூன்றைச் சேர்த்தால் முந்நூற்று முப்பத்தொன்று, அதுவும் முதன்மை. இன்னொரு மூன்று, அதுவும். இப்படி மூன்று மூன்றாய்ச் சேர்த்துக்கொண்டே போனால் எட்டு இலக்கம் வரைக்கும் எல்லாமே முதன்மை எண். உனக்கு அது பைத்தியமாகப் பிடித்துவிட்டது. காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுத்துக்கொண்டிருக்கும்போது நீ ஓரமாக மண்ணில் குச்சியால் மூன்று மூன்றாய் எழுதிக்கொண்டிருப்பாய். "அடுத்ததும் அப்படித்தானே அப்பா?" என்று கேட்டாய். ஒன்பது இலக்கம், எட்டு மூன்றும் கடைசியில் ஒரு ஒன்றும்: 333333331. நான் வகுத்துப் பார்க்கவில்லை. "அப்படித்தான் இருக்கும், வேற எப்படி இருக்கும்?" என்றேன். வரிசையாக ஏழு எண் ஒரே மாதிரி இருந்தால் எட்டாவதும் அப்படித்தான் இருக்கும் என்று கணக்கு வாத்தியார் பேசக் கூடாது. பேசினேன்.

பிறகு அந்த மழை வந்தது. நாள் கணக்கில் விடாத மழை. மேல் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறது என்று எல்லோரையும் பள்ளிக்கூட ஹாலுக்குப் போகச் சொன்னார்கள். உன் அம்மா புள்ளக்காம்பராவில் பிள்ளை பார்க்கிற வேலையில் இருந்தாள். மலைக்குக் கொழுந்தெடுக்கப் போன பெண்களின் கைக்குழந்தைகள் அவளிடம் இருந்தன. ஒவ்வொரு தாயாக வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு ஓடிவந்தார்கள். கடைசிப் பிள்ளையின் தாய் வரும்வரை உன் அம்மா அங்கேயே இருந்தாள். அந்தத் தாயும் வந்து, பிள்ளையை வாங்கி, குறுக்குப் பாதையால் ஏறி ஹாலுக்கு வந்துவிட்டாள். "வாத்தியாரம்மா கதவப் பூட்டிட்டு ரோட்டால வர்றாங்க" என்றாள். நாம் இரண்டு பேரும் ஜன்னலோரம் நின்றோம். ரோட்டில் யாரையும் காணவில்லை. மலை இடிந்த சத்தம் அதற்குள் கேட்டுவிட்டது. எந்த இடத்தில் என்று யாருக்கும் தெரியவில்லை. என்னைப் போக விடாமல் நான்கு பேர் பிடித்து வைத்திருந்தார்கள்.

நான் திரும்பிப் பார்த்தபோது நீ பிஸ்கட் பெட்டி அட்டையில் எழுதிக்கொண்டிருந்தாய். என்னை இழுத்துக் காதில் சொன்னாய். உன் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

"அப்பா, அந்த மூணு மூணா வர்ற எண்ணு முதன்மையா இருந்தா அம்மா வந்துருவாங்கன்னு மனசுல வெச்சேன்."

"சரிடா."

"பதினேழால போகுதுப்பா. மீதி இல்ல."

ராஜன், அந்த நேரத்தில் வேறொரு தகப்பன் என்ன செய்திருப்பான்? அட்டையைப் பிடுங்கிக் கிழித்து எறிந்துவிட்டு உன்னைக் கட்டிப்பிடித்திருப்பான். நான் கணக்கு வாத்தியார். அட்டையை வாங்கி, உன் வகுத்தலைச் சரி பார்த்தேன். ஏழுக்கு மீதி இரண்டு, பதினொன்றுக்கு மீதி ஒன்று, பதின்மூன்றுக்கு மீதி ஆறு, எல்லாம் நீ சரியாகப் போட்டிருந்தாய். பதினேழை நானே ஒரு தடவை வகுத்தேன். மீதி இல்லை. "சரிதான்" என்றேன். மார்க் போடுகிறவன் மாதிரி சொன்னேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் ஆட்கள் வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. உனக்கு அதற்கு முன்னாலேயே விளங்கிவிட்டது என்று நீ இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

இல்லையடா. உனக்கு ஒன்றும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. அந்த எண்ணுக்கும் ஒன்றும் தெரியாது. நான் இத்தனை வருஷமாக மனதுக்குள் உன்னோடு வாதாடிக்கொண்டிருக்கும் வாதம் இதுதான், இதற்கு மட்டும் பதில் சொல். அந்த எண் எப்போது பதினேழால் வகுபடத் தொடங்கியது? அன்று பகலிலா? மலை இடிந்த பிறகா? நீ அட்டையில் எழுதிய பிறகா? அது எப்போதுமே வகுபட்டது. நானும் உன் அம்மாவும் மாலை மாற்றிய அன்று வகுபட்டது. நீ பிறந்து, அவள் உன்னை மடியில் போட்டுக்கொண்டு பெயர் தேடிய அன்றும் வகுபட்டது. அவள் புதுச் சேலை கட்டிக்கொண்டு தேருக்கு முன்னால் நின்று உன்னைத் தோளில் தூக்கிக் காட்டிய அன்றும் அதே பதினேழு, அதே மீதியில்லாமை. அவள் உயிரோடு இருந்த ஒவ்வொரு நாளும் அந்த எண் வகுபட்டுக்கொண்டுதான் இருந்தது. அது அவளை ஒன்றும் செய்யவில்லை. அவளைக் கொன்றது மண். மழையில் ஊறிய மண்ணுக்குக் கணக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்கிறேன். அதே ஹாலில், அதே ஜன்னலோரம், நமக்குப் பக்கத்தில் செல்லம்மா தன் புருஷனுக்காக நின்றுகொண்டிருந்தாள். அவன் கீழ்ப் பக்கம் மாடு அவிழ்த்துவிடப் போயிருந்தான். உடம்பெல்லாம் சேறோடு அவன் வந்து சேர்ந்தான், அவள் அவனை அடித்து அழுதாள், உனக்கு ஞாபகம் இருக்கும். அவளுக்கும் அந்த எண் அதே எண்தான். அவள் அதை மனதில் வைத்திருந்தால் அது அவளுக்குப் பொய் சொல்லியிருக்கும். ஒரே எண், ஒரே ஹாலில், ஒருத்திக்குப் பொய்யும் ஒருவனுக்கு உண்மையும் சொல்லுமா? நீ யூனிவர்சிட்டியில் இருந்தபோது ஒரு நாள் போன் எடுத்து, மூன்றுகளைச் சேர்த்துக்கொண்டே போனால் பதினெட்டு இலக்கத்தில் மறுபடியும் முதன்மை எண் வருகிறது என்று சொன்னாய். உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். வாழ்க்கையில் எதுவும் மாறாமல், எண்ணைப் பற்றித் தெரிந்துகொண்டதற்காக மட்டும் வந்த சந்தோஷம் அது. எண்ணோடு மனிதன் வைத்துக்கொள்ள வேண்டிய உறவு அவ்வளவுதான் என்று அன்றைக்கு நினைத்தேன். நீ திருந்திவிட்டாய் என்றும் நினைத்தேன்.

இப்போது உன் தாளுக்கு வருகிறேன். ஒன்பது இலக்க எண் உன்னை ஆறே வகுத்தலில் ஏமாற்றியது. இந்தத் தடவை நீ பதினான்கு இலக்கம் எடுத்திருக்கிறாய். அதை முதன்மை என்று சொல்ல வேண்டுமானால் அதன் வர்க்கமூலம் வரைக்கும் வகுத்துப் பார்க்க வேண்டும். முப்பது லட்சத்துக்கும் மேலே போக வேண்டும். கையால் வகுத்தால் உன் மகள் பள்ளிக்கூடம் போய், கல்யாணம் முடித்துப் போன பிறகும் நீ இந்தப் பெஞ்சில்தான் இருப்பாய். இது உனக்குத் தெரியாதா? நீ என்னைவிடக் கெட்டிக்காரன். தெரிந்துதான் எடுத்தாய். முடியாத கணக்கு வேண்டும் என்றுதான் எடுத்தாய். கணக்கு முடியாதவரை நீ உள்ளே போக வேண்டாம். உள்ளே போகாதவரை அவளைத் தொட வேண்டாம். தொடாத பிள்ளை போனால் அவ்வளவாக வலிக்காது என்று எவனோ உன் தலைக்குள் உட்கார்ந்து சொல்கிறான்.

அவன் சொல்வது பொய். எனக்குத் தெரியும், ஏனென்றால் அவன் என்னிடமும் வந்தான். உன் அம்மா போன பிறகு, அவளைக் கட்டாமலே இருந்திருந்தால் இந்த வலி இல்லையே என்று அவன் சொன்னான். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அடுப்பு மூட்டும்போது சொன்னான், உன் சட்டையைத் துவைக்கும்போது சொன்னான். ஒரு நாள்கூட நான் ஆமாம் என்று சொல்லவில்லை. அவள் கையால் நான் வாங்கிச் சாப்பிட்ட சோறு, அவள் என் இருமலுக்குத் திட்டிய திட்டு, எல்லாம் என்னிடம்தான் இருக்கிறது. வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் வெறும் கையோடு உட்கார்ந்து வலிப்பதைவிட அது மேல்.

குழந்தை பிழைப்பாள் என்று நான் இதில் எழுதமாட்டேன். எழுதினால் நீ நம்பமாட்டாய், நானும் மறுபடி வகுத்துப் பார்க்காமல் பதில் சொன்ன வாத்தியார் ஆகிவிடுவேன். டொக்டருக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்? பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். எனக்குப் பயமாக இருக்கிறது, ராஜன். ஆனால் உன் அம்மாவுக்கு நடந்ததில் நம்மால் செய்யக் கூடியது ஒன்றும் இருக்கவில்லை. நான்கு பேர் என்னைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இங்கே உன்னை யாரும் பிடிக்கவில்லை. செய்ய வேண்டியது என்ன என்று நர்ஸ் மிஸ் வாசலுக்கே வந்து சொல்லிவிட்டுப் போகிறார். என் இருமல் என்னை விடாது, வித்யாவின் காய்ச்சல் அவளை விடாது. மிச்சம் இருப்பது நீ ஒருவன்தான்.

எப்படி என்று கேட்டு வைத்திருக்கிறேன். வாசலில் செருப்பைக் கழற்று. முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவு, நகத்துக்குள்ளேயும். மோதிரத்தைக் கழற்றி என்னிடம் கொடு. உள்ளே சாய்ந்து உட்காருகிற மாதிரி ஒரு நாற்காலி இருக்கிறது. சட்டைப் பொத்தானை எல்லாம் திறந்துவிட்டு அதில் உட்கார். பிள்ளையைத் தூக்கி உன் வெறும் நெஞ்சில் வைப்பதும் மேலே துணி சுற்றுவதும் அவர்கள் வேலை. நீ அசையாமல் இருக்க வேண்டும், மூச்சு விட வேண்டும், அவ்வளவுதான். ஒரு கையால் தலையைத் தாங்கு, இன்னொரு கையை முதுகில் வை. பாரமே தெரியாதாம், அடிக்கடி குனிந்து பார்க்கத் தோன்றுமாம். பார். எவ்வளவு நேரம் என்று கேட்காதே, அவர்களே சொல்வார்கள். அழுகை வந்தால் அழு, சத்தம் மட்டும் போடாதே, பக்கத்தில் வேறு பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

இதைப் படித்து முடித்ததும் நான் சொன்ன வாதத்தில் எங்கே ஓட்டை என்று தேட ஆரம்பிப்பாய். தேடு, பிறகு சாவகாசமாகத் தேடு, நானே உதவிக்கு வருகிறேன். இப்போது பேனையை மூடு. அங்கே உன் பிள்ளைக்குக் குளிர்கிறது, தம்பி. எழுந்திரு.

அப்பா